ஊர் இரண்டு மடங்கு பெருத்தால் மாமன்றமும் இரண்டு மடங்கு ஆக வேண்டாமா?

கேட்டவர்: வட்டக்கணக்கு

ஒரு லட்சம் பேர் வசிக்கும் நகரத்துக்கு 25 உறுப்பினர் என்று ஸ்பெயின் தேர்தல் சட்டத்தில் இருக்கிறது. அப்படியானால் பத்து லட்சம் பேருக்கு 250 வரவேண்டும். ஆனால் அதே சட்டப்படி கணக்குப் போட்டால் 35தான் வருகிறது. நான் எங்கே தப்பு விட்டேன்? தப்பு இல்லையென்றால், பெரிய நகரத்து ஓட்டு மட்டும் ஏன் இவ்வளவு இளைத்துப் போகிறது?

பதில்: முக்கோணம்

அது கனமூலம் சார். ரெயின் டாகபெரா என்ற எஸ்தோனிய அறிஞர் 1972-ல் சொன்னது. மக்கள்தொகையின் கனமூலம்தான் மன்றத்தின் அளவு. பத்து லட்சத்துக்கு 100 என்று வரும்.

பதில்: பழைய மினிட் புக்

முக்கோணம் தம்பி, அவர் சொன்னது நாடாளுமன்றங்களுக்கு. நகரத்தை அதில் இழுக்காதீர்கள். கேட்டவருக்கே 35தானே வந்திருக்கிறது.

வட்டக்கணக்கு, உங்கள் கணக்கில் தப்பில்லை. நான் பதினோரு வருடம் ஒரு மாமன்றத்தில் கூட்டக் குறிப்பு எழுதியவன். 45 பேர் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசினாலே இரண்டே கால் மணி நேரம் ஓடிவிடும். 250 பேர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். அதுவும் ஒரே ஒரு தீர்மானத்துக்கு! நெதர்லாந்தில் 3,000 பேருக்குக் குறைந்த ஊருக்கு 9 பேர், இரண்டு லட்சம் தாண்டினால் 45, அதோடு கதவைச் சாத்திவிட்டார்கள். ஆம்ஸ்டர்டாம் அதற்குமேல் எவ்வளவு வளர்ந்தாலும் அதே 45தான். பிரேசில் அரசியல் சட்டம் 9-லிருந்து 55 வரை உச்சவரம்புகளை வைத்திருக்கிறது. ஒரு கோடிக்கு மேல் ஜனம் உள்ள சாவோ பாலோவுக்கும் 55தான்.

ஸ்பெயினில் ஒரு லட்சத்துக்கு மேல், ஒவ்வொரு லட்சத்துக்கும் அல்லது அதன் பகுதிக்கும் ஓர் ஆள் கூடுவார். கூட்டுத்தொகை இரட்டைப்படையாக வந்தால் இன்னொருவரைச் சேர்த்து ஒற்றைப்படை ஆக்கிவிடுவார்கள், வாக்கெடுப்பில் சமன் வராமல் இருக்க. (இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றால் பரவாயில்லை. ஒருவருக்கு மட்டும் வந்தால் அந்த ஏற்பாடு அன்றைக்குக் கெட்டது.) உங்கள் பத்து லட்சத்துக்கு 25-உடன் 9, ஆக 34. அது இரட்டைப்படை, அதனால் 35.

எனக்கு இதில் பிடித்த இடம் படிக்கட்டுகள்தான். 50,000 பேர் வரை 21 உறுப்பினர். 50,001 ஆனால் 25. ஒரே ஒரு ஆள் கூடியதற்கு நான்கு நாற்காலி! அதனால்தான் எந்தத் தேதியின் கணக்கு செல்லும் என்பது பெரிய சண்டையாகிறது.

பதில்: வாக்குச்சீட்டு

ஆனால் எல்லா ஊரிலும் மக்கள்தொகை தீர்மானிக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 2018 வாக்கில் சிகாகோவும் டொராண்டோவும் கிட்டத்தட்ட ஒரே அளவு, இரண்டிலும் சுமார் 27 லட்சம் பேர் இருந்தார்கள். சிகாகோவில் 50 உறுப்பினர். டொராண்டோ 2018-ல் 47 வார்டுகளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே மாகாண அரசு சட்டம் போட்டு 25 ஆக்கிவிட்டது. அந்தக் கோடையில் ஜனம் பாதியாகிவிடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் 1925-ல் வைத்த 15 இன்னும் அப்படியே. அன்றைக்கு ஊர் பத்து லட்சத்தை ஒட்டி இருந்தது. 2020 கணக்கெடுப்பில் 39 லட்சம். ஆக ஓர் உறுப்பினருக்கு 2.6 லட்சம் பேர்.

வட்டக்கணக்கு

அப்போ என் ஓட்டு இளைக்கிறது என்பது சரிதானே?

பழைய மினிட் புக்

சரிதான். ஆனால் அதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். மாமன்றம் மொத்தம் எத்தனை பேர் என்பது ஒன்று. வார்டுக்கு வார்டு ஜனம் சமமா என்பது வேறு. வார்டு பிரித்த ஊரில் முதலாவதில் எல்லோருடைய ஓட்டும் சேர்ந்து இளைக்கும். இரண்டாவதில்தான் பக்கத்து வார்டுக்காரர் உங்களைவிடக் கனமாகிவிடுவார். நான் பார்த்த சண்டைகள் எல்லாம் இந்த இரண்டாவதில்தான். எண்ணிக்கையை மாற்றாமல் எல்லையை மட்டும் இரண்டு தெரு நகர்த்தினாலே வேலை முடிந்துவிடும், குறிப்பேட்டில் ஒரே வரி.

வட்டக்கணக்கு

நன்றி ஐயா. 1,00,001 போட்டுப் பார்த்தேன். 27 வந்தது.

பழைய மினிட் புக்

அந்த ஒருவர் பொறுமையாக அடுத்த வருடம் குடிவந்திருக்கலாம்.