நாய் பழக்குபவர் கேரண்டி கொடுக்கிறார், நம்பலாமா?

ஹட்டன்காரன்:
எங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் தோட்டத்து லய வரிசை வீடுகளின் பிள்ளைகளைக் கண்டாலே உறுமுகிறது. ஒருவர் 14 நாளில் சரியாக்குவேன், கேரண்டி என்கிறார், ஆனால் நாயை அவரிடமே விட வேண்டுமாம், நாங்கள் போய்ப் பார்க்கக் கூடாதாம், கழுத்தில் மின்னதிர்ச்சி கொடுக்கும் ஷாக் காலரும் போடுவாராம். விடலாமா?

பண்டாரவளை அக்கா:
வேண்டாம் தம்பி. உயிருள்ள பிராணிக்கு யார் கேரண்டி கொடுப்பது? பார்க்கவே விடாதவரிடம் நாயை விடாதீங்க. உறுமல் ஒரு எச்சரிக்கை, அதை அடித்து அடக்கினால் பயம் உள்ளே அப்படியே கிடக்கும், அப்புறம் ஒருநாள் சத்தமே இல்லாமல் கடிக்கும். முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்க. காதுவலி, இடுப்புவலி இருந்தாலும் நாய் இப்படிச் சீறும். ஒழுங்கான பயிற்சியாளர் அதைத்தான் முதலில் விசாரிப்பார், விசர்நாய்த் தடுப்பூசி அட்டையும் கேட்பார். இவர் கேட்டாரா?

தோட்டத்து ராசா:
துரை பங்களா நாய்களுக்கு அந்தக் காலத்தில் பிரம்புதான், நல்லாத்தானே இருந்தன?

பண்டாரவளை அக்கா:
இருந்தன, தபால்காரரைக் கடித்துக்கொண்டு! வேல்ஸில் 2010லேயே ஷாக் காலரைத் தடை செய்துவிட்டார்கள். நம் இலங்கையிலும் மிருகவதைத் தடைச் சட்டம் 1907 முதல் இருக்கிறது, யார் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை.

ஹட்டன்காரன்:
அட்டை கேட்கவே இல்லை அக்கா, முற்பணம்தான் கேட்டார். நாளைக்கே வைத்தியரிடம் போகிறேன், அதுவரை பிள்ளைகள் வரும் நேரத்தில் பின்பக்கம் கட்டிவைக்கிறேன்.