புதுப்பிப்பு: எலிக் கல்லீரல் புற்றும் குளூக்கோஸ்-6-பாஸ்பட்டேஸும்

கல்லீரல் புற்றை உண்டாக்கும் டைஎதில்நைட்ரோசமீன் (கிலோ எடைக்கு 200 மி.கி., ஒரே ஊசி) கொடுத்த எலிகளின் கல்லீரலில், குளூக்கோஸை விடுவிக்கும் நொதியான குளூக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் குறையும், குளூக்கோஸை வேறு பாதையில் செலுத்தும் நொதியான குளூக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ் கூடும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது சரிதான். ஆனால் முழுக் கல்லீரலை அரைத்து அளந்தாலே தெரிந்துவிடும் என்பதுபோல் தொனித்துவிட்டது, அதைத் திருத்துகிறேன்.

தொடக்கத்தில் மாறிய செல்கள் சின்னச் சின்னத் திட்டுகளாகத்தான் இருக்கும். அரைத்ததும் சுற்றியுள்ள இயல்பான திசு அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். எனவே உறையவைத்த சீவல்களில் நொதிச் சாயம் (நொதி வேலை செய்யும் இடத்தில் நிறம் காட்டும் முறை) போடுங்கள். ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதிந்த திசுவில் குளூக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் செயலிழந்திருக்கும். பக்கத்துச் சீவலில் குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்பெரேஸின் நஞ்சுக்கொடி வடிவத்துக்கு (மாறிய செல்களில் மிகுந்திருக்கும் நொதி) எதிர்ப்பொருள் சாயம் இட்டால் திட்டு எங்கே என்பது பளிச்சென்று தெரியும்.

குளூக்கோஸ்-6-பாஸ்பட்டேஸை அரைத்து அளந்தே ஆகவேண்டுமென்றால், 0.25 மோலார் சுக்ரோஸ் கரைசலில் பனிக்கட்டிக் குளிரில் அரையுங்கள்; அளவீடு பிஎச் 6.5-இல். குளூக்கோஸ்-6-பாஸ்பேட்டுக்குப் பதில் பீட்டா-கிளிசரோபாஸ்பேட்டை வைத்து ஒரு தனிக்குழாய் ஓட்டி, எதிலிருந்தும் பாஸ்பேட்டைப் பிரிக்கும் பொதுவான பாஸ்பட்டேஸ்களின் பங்கைக் கழியுங்கள். இதை விட்டுவிட்டால் குறைவு இருந்தும் தெரியாது.

பலர் சறுக்குவது தீவனத்தில். பட்டினி போட்ட எலிக்கு மாவுச்சத்து மிகுந்த தீவனம் வைத்தாலே டிஹைட்ரோஜினேஸ் எகிறும். புற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்லாக் குழுவுக்கும் ஒரே பட்டினி நேரம், ஒரே அறுப்பு நேரம் கட்டாயம். கிளைக்கோஜன் (செல்லில் சேமித்த குளூக்கோஸ்) பார்ப்பவர்களுக்குப் பட்டினி உதவியும் செய்யும்: இயல்பான செல்களில் அது காலியாக, அதைத் தேக்கிவைத்த மாறிய செல் திட்டுகள் மட்டும் தனித்து நிற்கும். கட்டி முற்றும்போது அந்தக் கிளைக்கோஜனும் கரைந்துபோகும்.