விண்ட்ஷீல்டு: ‘முன்கண்ணாடி’ வேண்டாம் என்கிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

துணிபோர்த்த பழைய விமானங்களுக்காக நாம் தமிழில் எழுதிவரும் பராமரிப்புக் குறிப்பு ‘விண்ட்ஷீல்டு’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி முட்டி நிற்கிறது. இதுவரை மேசைக்கு வந்தவை: முன்கண்ணாடி, வளித்தடுப்பி, காற்றுக்கவசம், பளிங்குத்திரை. என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பஸ், லாரி, கார் எல்லாவற்றுக்கும் ஜனங்கள் முன்கண்ணாடி என்றுதான் சொல்கிறார்கள். விமானத்துக்கு மட்டும் எதற்குப் புதுச்சொல்?

கடலூர் ஐயா கேட்டது நியாயம்தான். பஸ்ஸுக்கு அதே சொல் இருக்கட்டும், அங்கே இருப்பது கண்ணாடி. ஆனால் பைப்பர் கப் என்ற அமெரிக்கச் சிறு விமானம், 1958இல் முதலில் பறந்த நம் எச்.ஏ.எல். நிறுவனத்தின் புஷ்பக் மாதிரியான விமானங்களில் முன்னால் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தகடு, பெரும்பாலும் அக்ரிலிக். பார்க்கக் கண்ணாடி போல இருந்தாலும் பராமரிப்பில் அதற்குக் கண்ணாடியின் குணம் கிடையாது. வீட்டு ஜன்னலுக்கு அடிக்கிற அமோனியா கலந்த ஸ்பிரே அதைக் கெடுக்கும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எல்லாமே அதற்கு விஷம். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், நிலைமின்னேற்றம் ஏறித் தூசியும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரை நிறைய ஊற்றி, மென்மையான சோப்புக் கரைசலை வெறுங்கையால் தடவி, தூசி மண் கையில் தட்டுப்படாமல் போகும்வரை கழுவ வேண்டும். இதுதான் முறை. ‘முன்கண்ணாடியைத் துடைக்கவும்’ என்று நாம் எழுதி வைத்தால், படிப்பவர் கை தானாக ஸ்பிரே பாட்டிலுக்குப் போகும்.

மூக்குக்கண்ணாடியும் இன்று பிளாஸ்டிக்தானே என்று ஒரு தம்பி மடக்கியிருந்தார். மடக்கு நல்ல மடக்கு! ஆனால் மூக்குக்கண்ணாடிக்கு யாரும் பராமரிப்புக் கையேடு எழுதுவதில்லை. பேச்சில் யாரும் எப்படியும் சொல்லிக்கொள்ளட்டும். நாம் எழுதுவது ஸ்குரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு.

புதுச்சேரிக்காரன் என்பதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. பிரெஞ்சில் இதற்குப் பேர் பார்பிரீஸ். காற்றைத் தடுப்பது என்ற பொருள் மட்டும்தான் அதில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லிலும் கண்ணாடி இல்லை. லாரி பட்டறை வழியாக நாம்தான் அதைச் சேர்த்துக்கொண்டோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வளித்தடுப்பி என்றால் குழாயில் மாட்டும் ஏதோ வால்வு போல ஒலிக்கிறது. காற்றுக்கவசம் என்றால் தலைக்கவசம் மாதிரி விமானி அணிந்துகொள்ளும் பொருளாகிவிடும். பளிங்கு அழகான பழைய சொல், ஆனால் இன்று அது தரையில் பதிக்கிற மார்பிள்.

என் பரிந்துரை: காற்றுமறைப்பு.

மறைப்பு என்றால் பார்வையை மறைக்குமே என்று கேட்பீர்கள். புவியியல் பாடத்தில் மழைமறைவுப் பிரதேசம் என்று படித்தோமே, அங்கே யார் பார்வை மறைந்தது? காற்றுக்கு மறைப்பு, அவ்வளவுதான்.

சரி, இந்தச் சொல்லாவது எப்படியாவது ஒப்பேறிவிடும். எனக்குப் பெரிய கவலை ‘கிரேசிங்’, அதாவது தகட்டில் தோன்றும் நுண்பிளவுகளுக்கான சொல். வரைவில் ஒரு இடத்தில் கீறல், இன்னொரு இடத்தில் விரிசல், வேறொரு இடத்தில் வெடிப்பு என்று இருக்கிறது. இதை அப்படியே விட முடியாது. பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்பதே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

கீறல் மேலோட்டமானது. ஆழம் இல்லையென்றால் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். ஆனால் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் தேய்த்தால் அங்கே குழி விழுந்து, ஓடுபாதை வளைந்து தெரியும். விரிசல் என்றால் தகடு பிளக்க ஆரம்பித்துவிட்டது. அதன் முனையில் ஒரு சிறு துளை போட்டால் மேலே ஓடாமல் நிற்கும். நம் ஊர் வெல்டிங் பட்டறையில் இரும்புத் தகட்டுக்கும் இதைத்தான் செய்கிறார்கள், விளக்கவே வேண்டாம். இதற்கு ‘முனைத்துளை’ என்று வைக்கலாம். துளைக்கு மேல் ஒட்டு போட்டாலும் அது தற்காலிகம்தான். விமானியின் நேர்ப்பார்வையில் இருந்தால் தகட்டையே மாற்றிவிட வேண்டும்.

கிரேசிங் இந்த இரண்டும் இல்லை. மேற்பரப்பிலோ அதற்குச் சற்று அடியிலோ தோன்றும் மிக நுண்ணிய பிளவுகளின் கூட்டம். நேராகப் பார்த்தால் தெரியாமல் போகலாம், வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தால் மினுங்கும். சூரியனைப் பார்த்து இறங்கும்போது அந்த மினுக்கம் விமானியின் கண்ணை அடிக்கும். பாலிஷுக்கு மசியாது. தகட்டின் வலுவும் குறைந்திருக்கும்.

இதற்கு ‘வலைவிரிசல்’ என்று கடலூர் முதுநகர் நண்பர் சொன்னது கேட்க நன்றாக இருந்தது, துறைமுகத்துப் பக்கத்துச் சொல். ஆனால் எப்போதும் வலையாக இருப்பதில்லை. கரைப்பான் பட்டு வந்தால் திசையில்லாமல் வலை மாதிரி பரவும். தகட்டை வலிந்து வளைத்து மாட்டிய இழுவிசையால் வந்தால் கோடுகள் ஏறக்குறைய இணையாக ஓடும். எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அதற்குக் குறுக்காக. வலை என்று பெயர் வைத்தால், இணைகோடுகளைப் பார்ப்பவர் ‘இது அது இல்லை’ என்று விட்டுவிடுவார். ‘மயிர்விரிசல்’ என்றால் ஒற்றை விரிசலும் அதில் அடங்கிவிடும்.

நான் சொல்வது ‘அரும்புவிரிசல்’. அரும்புமீசை போல: மெல்லியது, பல, இனிமேல்தான் வளரப்போகிறது. எந்தத் திசைக்கும் பொருந்தும். பெரிய விரிசலுக்கு இதுவே தொடக்கம் என்பதும் சொல்லிலேயே இருக்கிறது.

பெயர்ப்பலகை செய்யும் கடைக்காரர்களுக்கு இது தினசரி சங்கதி. லேசரில் வெட்டிய அக்ரிலிக் ஓரத்தில் இறுக்கம் தங்கியிருக்கும். அதில் குளோரோபார்ம் விட்டு ஒட்டினால் சில சமயம் கண்ணெதிரேயே அரும்புவிரிசல் விழும். கடலூரில் பைபர் படகு பழுதுபார்க்கும் இடங்களில் பிரஷ் கழுவ வைத்திருக்கிற அசிட்டோனும் அதே வேலையைச் செய்யும். துணிபோர்த்த விமானத்தில் இன்னும் மோசம். துணிக்குப் பூசும் டோப் என்ற பூச்சு, அதன் தின்னர் இரண்டிலும் இருப்பது கரைப்பான்தான். ஆகையால் துணி வேலையும் பெயின்டும் முடிந்த பிறகு காற்றுமறைப்பை மாட்டுவது நல்லது. பழையதே இருக்கட்டும் என்றால் வெறும் காகிதத்தால் மூடினால் போதாது, தின்னர் ஊறி உள்ளே இறங்கிவிடும்.

> ஏன் பாலிகார்பனேட் போடக்கூடாது? சுத்தியால் அடித்தாலும் உடையாது.

உடையாது, உண்மை. ஆனால் அதற்கும் பெட்ரோல் ஆகாது, பூச்சில்லாத தகடு சீக்கிரம் கீறும். கப் விமானத்தில் பெட்ரோல் டேங்கு மூக்குப் பகுதியில், மூடி காற்றுமறைப்புக்கு நேர் முன்னால். கார்க் மிதவையில் செருகிய கம்பிதான் அளவுகாட்டி, அது மூடி வழியே எட்டிப் பார்க்கும். நிரப்பும்போது சிந்தினால் எங்கே வழியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எதைப் போடுவதாக இருந்தாலும் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ‘கிளியரன்ஸ்’, அதாவது துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவில் விடும் இடம். வரைவில் ‘இடைவெளி’ என்று இருக்கிறது, தப்பில்லை. ஆனால் மெக்கானிக் சொல்வது ‘பிளே’. அக்ரிலிக் எஃகைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு விரியும். 1 மீட்டர் தகடு 20 டிகிரி சூடேறினால் சுமார் 1.4 மில்லிமீட்டர் நீளும், அதன் கீழே உள்ள எஃகுச் சட்டம் கால் மில்லிமீட்டர்கூட நகராது. ஷெட்டிலிருந்து லாசுப்பேட்டை வெயிலுக்குத் தள்ளினாலே இவ்வளவு ஆகும். அதனால்தான் துளையைப் போல்ட்டைவிட எட்டில் ஒரு அங்குலம் பெரிதாகப் போட்டு, நட்டை இறுக்கிய பின் ஒரு முழுச் சுற்று தளர்த்தச் சொல்கிறார்கள். ‘பிளே’யையே எடுத்துக்கொள்வோம் என்பது என் கட்சி. தனித்தமிழ் அன்பர்கள் சண்டைக்கு வரலாம், காபி வாங்கித் தருகிறேன்.

சொற்கள் வாக்கியத்தில் உட்காருகின்றனவா என்று பார்க்க வரைவின் ஒரு பத்தியை மாற்றி எழுதியிருக்கிறேன்:

“பழைய காற்றுமறைப்பை உடைக்காமல் கழற்றவும், புதியதை வெட்ட அதுவே அளவு. ஓரங்களில் அரும்புவிரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று வெயிலில் சாய்த்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளவும். இணையாக ஓடினால் சட்டத்தின் வளைவையும் துளைகளின் பிளேயையும் சரிபார்க்காமல் புதியதை மாட்ட வேண்டாம்.”

இதில் எந்தச் சொல் இடறுகிறதோ அதை மட்டும் சொல்லுங்கள். டோப்புக்கான சொல்லைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
லாசுப்பேட்டையிலிருந்து