மறு: ஏபிஎஸ்: ‘பூட்டுத்தடுப்பு’க்குப் பதில் ‘உருள்காப்பு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் நின்றுபோவதைத் தடுக்கும் அமைப்புதான் ஏபிஎஸ் (ஆன்டி-லாக் பிரேக்கிங் சிஸ்டம்). அதற்குத் தமிழ்ப்பெயராக இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: எதிர்ப்பூட்டு நிறுத்தமைப்பு, பூட்டுறாத் தடுப்பி, சக்கரப் பூட்டுத்தடுப்பு. மூன்றும் ‘பூட்டு’ என்ற சொல்லையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் பரிந்துரை ‘உருள்காப்பு’. முழுப்பெயர் வேண்டுமானால் ‘உருள்காப்பு பிரேக்’. ஐடிஐ மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்கான பாடக்குறிப்பில் இந்தச் சொல் போகப்போகிறது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஆங்கிலத்தில் ‘லாக்’ என்று இருக்கிறது. தமிழில் பூட்டு என்று வைப்பதில் என்ன தவறு?

பைக் வைத்திருப்பவரிடம் பூட்டு என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஹேண்டில் லாக். ‘பூட்டுத்தடுப்பு’ என்றால் ஹேண்டில் லாக் விழாமல் செய்யும் ஏதோ ஒன்று என்றுதான் நினைப்பார். பட்டறைக்குப் போனால் இன்னொரு குழப்பம். அங்கே ‘வீல் ஜாம்’ என்றால், பெடலை விட்ட பிறகும் பிரேக் லைனர் (உராய்வுப் பட்டை) சக்கரத்தின் டிரம்மை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பது. அது பழுது, கழற்றிச் சரிசெய்ய வேண்டியது. ஏபிஎஸ் கையாளும் நிலைமையில் பழுது எதுவுமே இல்லை. லைனர் நன்றாக இருக்கிறது, ஆயில் இருக்கிறது, பிரேக் பிடிக்கவேண்டியபடி பிடிக்கிறது. டயருக்கும் தரைக்கும் உள்ள பிடியைவிட பிரேக்கின் பிடி கூடிவிட்டது, அவ்வளவுதான். சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிடுகிறது, வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

அந்த நொடியில் ஓட்டுநர் இழப்பது எதை? இதைத்தான் பெயரில் கொண்டுவர வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் முதலில் இழப்பது ஸ்டியரிங்கை. உருளும் டயர்தான் பக்கவாட்டில் தரையைப் பற்றி வண்டியைத் திருப்பும். உருளாமல் தேயும் டயருக்கு முன்பக்கம், பக்கவாட்டு என்ற பேதமே கிடையாது. வண்டி எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே அதையும் இழுத்துக்கொண்டு போகும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தாலும் வண்டி நேராகப் போய் இடிப்பது இதனால்தான். பின்சக்கரங்கள் முதலில் நின்றுவிட்டாலோ, வண்டியின் பின்பகுதி விலகி முன்னே வரப்பார்க்கும். பைக்கில் முன்சக்கரம் நின்றுவிட்டால் விழுவதைத் தவிர வேறு வழி அனேகமாக இல்லை.

ஆக, இந்தக் கருவி காப்பாற்றுவது சக்கரத்தின் உருளலை. உருளல் இருந்தால் திருப்பம் இருக்கும். பெயரிலேயே இது வந்துவிட்டால் பாதிப் பாடம் நடத்தியாயிற்று.

> வேலை செய்யும் முறையைப் பெயரில் காட்டவேண்டுமா? அழுத்தத்தை விட்டுவிட்டுத் தருவதால் ‘விட்டுப்பிடி பிரேக்’ எனலாமே?

இது அழகான சொல். மலைப்பாதையில் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கப் பழகிய பழைய ஓட்டுநர்களுக்கு உடனே பிடிபடும். என் தயக்கமும் அதில்தான். விட்டுப் பிடிப்பது அங்கே ஓட்டுநரின் கால். ஏபிஎஸ் உள்ள வண்டியில் கால் விடவே கூடாது.

நடப்பது இதுதான். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு பல்வளையமும் ஒரு சென்சாரும் இருக்கும். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைச் சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு சக்கரத்தின் வேகம் மற்றவற்றைவிடச் சட்டென்று சரிந்தால், கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயிலின் வழியை முதலில் அடைக்கும். அழுத்தம் அதற்குமேல் ஏறாது. அப்போதும் சக்கரம் நிற்கப்போனால், இன்னொரு வால்வைத் திறந்து கொஞ்சம் ஆயிலை வெளியே விடும். சக்கரம் மறுபடி சுற்றத் தொடங்கியதும் அழுத்தத்தை ஏற்றும். நொடிக்குப் பத்து, பதினைந்து முறை வரைகூட இப்படி நடக்கும். எந்த ஓட்டுநரின் காலாலும் இது முடியாது. அதிலும் நான்கு சக்கரங்களுக்கு நான்கு விதமாக அழுத்துவதென்றால் ஒரே பெடலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெளியே விட்ட ஆயிலைப் பம்ப் திரும்பப் பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் பக்கம் தள்ளுவதால் பெடல் காலடியில் துடிக்கும். முதல்முறை இதை உணர்பவர், ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவது உண்டு. எடுக்கக்கூடாத நேரத்தில் எடுத்துவிடுகிறார். ‘விட்டுப்பிடி’ என்ற பெயர் அவரை இன்னும் தவறான பக்கம் தள்ளிவிடுமோ என்பதுதான் என் கவலை.

> 1978ல் ஜெர்மனியில் வந்த கண்டுபிடிப்பு. ஜெர்மன் பெயரை ஒட்டியே வைக்கலாம்.

1978 என்பது சரியான ஆண்டு. அந்த ஆண்டு ஆகஸ்டில் கார் நிறுவனமான மெர்சிடிஸும் பாகங்கள் செய்யும் பாஷும் சேர்ந்து மின்னணு ஏபிஎஸ்ஸை ஜெர்மனியின் உண்டர்டுர்க்ஹைமில் செய்தியாளர்களுக்குக் காட்டின. எஸ் கிளாஸ் காரில் அது வந்தது. ஆனால் யோசனை அதற்கு மிகவும் முந்தியது. பிரிட்டனின் டன்லப் நிறுவனம் 1950களிலேயே விமானச் சக்கரங்களுக்கு ‘மேக்ஸரெட்’ என்ற கருவியைச் செய்துவிட்டது. அதில் மின்னணு எதுவும் இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு சிறு பறசக்கரம்தான் (ஃப்ளைவீல்) மூளை. சக்கரம் திடீரென வேகம் குறைந்தால், பறசக்கரம் தன் வேகத்தில் முந்திப்போய் ஒரு வால்வைத் திறந்துவிடும், அழுத்தம் இறங்கும். ஈர ஓடுபாதையில் டயர் தேய்ந்து வெடிக்காமல் விமானங்களைக் காப்பாற்றியது இந்தச் சின்ன இரும்பு. 1966ல் வந்த ஜென்சன் எஃப்எஃப் காரிலும் இதையே பொருத்தினார்கள்.

மின்னணுவுக்கு வந்தபோது சிக்கல் நம்பகத்தன்மையில் இருந்தது. மெர்சிடிஸ் 1970 டிசம்பரில் ஒரு மாதிரியைக் காட்டிவிட்டு, விற்பனைக்குக் கொண்டுவர எட்டு ஆண்டு ஆயிற்று. ஆரம்பகால அனலாக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சுமார் 1000 பாகங்கள். டிஜிட்டலுக்கு மாறியதும் அது 140 ஆகக் குறைந்தது. பிரேக் விஷயத்தில் ஒரு சாலிடர் இணைப்பு விட்டுப்போனாலும் ஆபத்து என்பதால், பாகங்கள் குறைந்ததுதான் உண்மையான திருப்புமுனை என்பேன்.

பெயருக்கு வருவோம். ஜெர்மனில் ‘ஆன்டிபிளாக்கீர்சிஸ்டம்’. சக்கரம் நின்றுபோவதை ஜெர்மன்காரர்கள் ‘பிளாக்கீரன்’ என்றுதான் பேச்சிலும் சொல்கிறார்கள். அவர்கள் தங்கள் வாயில் இருந்த சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நாமும் அப்படியே செய்யலாம். ‘சக்கரம் உருளுது’, ‘சக்கரம் உருளல, தேய்ச்சிக்கிட்டே போகுது’: இப்படித்தான் தமிழில் சொல்ல வருகிறது.

> ‘சுழல்காப்பு’ இன்னும் எளிதாக இல்லையா?

சுழல்வதும் உருள்வதும் வேறுவேறு. பம்பரம் இருந்த இடத்திலேயே சுழலும். உருள்வதற்குத் தரை வேண்டும். சுற்றுகிற அளவுக்கு இடமும் நகர வேண்டும். சேற்றில் மாட்டிய டிராக்டர் சக்கரம் சுழல்கிறது, உருளவில்லை. அந்த நிலைமையைக் கையாளும் கருவி தனியாக இருக்கிறது, டிராக்ஷன் கன்ட்ரோல் என்கிறோமே, அது. அதற்குச் ‘சுழல்தடுப்பு’ என்ற பெயரை எடுத்துவைத்துக்கொள்ளலாம். பிரேக் பிடிக்கும்போது உருள்காப்பு, ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது சுழல்தடுப்பு. இரண்டுக்கும் அதே சென்சார்கள்தான் கண். 1995ல் வந்த இஎஸ்பி (எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி புரோகிராம்) இவற்றின் மேல் கட்டியது. வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது, ஓட்டுநர் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார் என்று இரண்டையும் ஒப்பிட்டுத் தேவையான சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடிக்கும். அதற்குத் ‘தடக்காப்பு’ பொருந்தும் என்று தோன்றுகிறது. அதைத் தனி இழையில் பேசலாம்.

> உருளை என்றால் சிலிண்டர். உருள்காப்பு என்றால் சிலிண்டர் பாதுகாப்பு என்று படித்துவிட மாட்டார்களா? பிரேக்கிலேயே வீல் சிலிண்டர் இருக்கிறதே!

வந்ததிலேயே வலுவான மறுப்பு இதுதான். யோசித்துப் பார்த்தேன். சிலிண்டரைக் குறித்தால் ‘உருளைக்காப்பு’ என்று ஐகாரமும் வல்லின ஒற்றும் வந்தாக வேண்டும். ‘உருள்’ என்று வினைப்பகுதியாக நிற்கும்போது காதுக்கு வேறாகத்தான் ஒலிக்கிறது. இருந்தாலும் முதல் இடத்தில் ஒருமுறை ‘சக்கர உருள்காப்பு’ என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொண்டால் ஐயம் வராது.

பிரேக்குக்கே ‘நிறுத்தி’, ‘தடுப்பி’ எனலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் பிரேக்கை பிரேக்காகவே விடச் சொல்கிறேன். ‘பிரேக்கு பிடிக்கல’, ‘பிரேக்கை மிதி’ என்று நம் வேற்றுமை உருபுகளை அது எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. ‘தடை’ என்று வைத்தால் மின்தடையும் வேகத்தடையும் குறுக்கே வரும்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம். நம் நாட்டில் 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரலிலும் அமலுக்கு வந்தது. 125 சிசியும் அதற்குக் கீழும் என்றால் அந்த விதி கேட்டது ஏபிஎஸ் அல்லது ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் சிபிஎஸ்; அதை ‘இணைபிரேக்’ எனலாம். பல பைக்குகளில் இருப்பது ‘சிங்கிள் சேனல் ஏபிஎஸ்’. வாங்குகிற பையனுக்கு ஏபிஎஸ் என்ற மூன்றெழுத்து மட்டும்தான் கண்ணில் படுகிறது. பெரும்பாலும் அது முன்சக்கரத்தில் மட்டும் இருக்கிறது, பின்சக்கரம் முன்பு போலவே நின்று வழுக்கும் என்பது ஷோரூமில் யாரும் எடுத்துச் சொல்லாத விஷயம். ‘ஒருவழித்தட’ என்று சேனலை மொழிபெயர்த்தாலும் அதே இருட்டுதான். ‘முன்சக்கர உருள்காப்பு’ என்று எழுதினால் சொல்லே சொல்லிவிடுகிறது. டூயல் சேனலுக்கு ‘இருசக்கர உருள்காப்பு’ என்றால் இருசக்கர வாகனத்தோடு குழம்பும். ‘முன்பின் உருள்காப்பு’ நன்றாக இருக்கிறது.

சொல்லை வாக்கியத்தில் போட்டுச் சோதிக்காமல் முடிவெடுக்கக் கூடாது. வண்டிக் கையேட்டு நடையில் சில:

“சாவியைத் திருப்பியதும் உருள்காப்பு விளக்கு எரியும்; வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும்.”

“ஓடும்போதும் விளக்கு அணையாமல் இருந்தால் உருள்காப்பு இயங்கவில்லை. வழக்கமான பிரேக் வேலை செய்யும். ஆனால் சக்கரம் நின்று வழுக்கலாம்.”

“ஜல்லி, மணல் பரவிய சாலையில் உருள்காப்பு உள்ள வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கலாம்.”

மூன்றாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். நின்றுபோன சக்கரம் மணலைத் தனக்கு முன்னால் குவித்து அதிலேயே முட்டி நிற்கும். உருளும் சக்கரம் அதன்மேல் ஏறிப்போகும். ‘உருள்’ என்று பெயரில் இருப்பதால் மாணவருக்குக் காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஏபிஎஸ் என்றால் எங்கும் குறைந்த தூரத்தில் நிற்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதை உடைக்க வேண்டிய பொறுப்பு பாடம் எழுதுபவருக்கு உண்டு.

கூடவே ‘ஸ்லிப் ரேஷியோ’வுக்குச் ‘சறுக்கு விகிதம்’ என்று வைக்கிறேன். வழுக்குவது தரையின் குணம், சறுக்குவது டயரின் செயல் என்று பிரித்துக்கொள்ளலாம். வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது சக்கரத்தின் விளிம்பு 48 கிலோமீட்டர் வேகத்தில்தான் சுற்றுகிறது என்றால் சறுக்கு விகிதம் 20 சதவீதம். உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடி உச்சத்தில் இருப்பது ஏறத்தாழ 10 முதல் 30 சதவீதத்துக்குள். உருள்காப்பு சக்கரத்தை அந்த எல்லைக்குள் வைத்திருக்கப் பார்க்கிறது. முழு உருளலையும் அது காப்பதில்லை, கொஞ்சம் சறுக்க விட்டுத்தான் காக்கிறது. இதை ஒரு குறையாக யாராவது சொல்லலாம். பாடத்தில் விளக்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

எனக்கு விடை கிடைக்காதது மாடுலேட்டர். வால்வுகளும் பம்பும் ஒன்றாக இருக்கும் அந்த அலுமினியக் கட்டிக்கு ‘அழுத்தமாற்றி’ என்றால் சென்சார் வகையோடு கலந்துவிடும்; ‘அழுத்தச் சீராக்கி’ என்றால் ரெகுலேட்டர் ஆகிவிடும். இலங்கையிலும் மலேசியாவிலும் இருந்து எழுதும் நண்பர்கள், உங்கள் பட்டறைகளில் அதை என்னவென்று அழைக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். பாடக்குறிப்பில் அந்த இடத்தை இப்போதைக்கு மாடுலேட்டர் என்றே விட்டிருக்கிறேன்.

அன்புடன்.