ஹெப்பாரின் அளவைக் கூட்டினால் த்ராம்பின் தடுப்பு குறைவது ஏன்?

கேள்வி:
வணக்கம். தூய ஆன்டித்ராம்பினுடன் (த்ராம்பினைத் தடுக்கும் இரத்தப் புரதம்) ஹெப்பாரினைக் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) கலந்து, த்ராம்பினைச் (இரத்தத்தை உறையவைக்கும் நொதி) சேர்த்து, சிறிது நேரங்கழித்து எஞ்சிய நொதிச் செயல்பாட்டை நிறங்காட்டும் பெப்டைடைக் கொண்டு 405 நானோமீட்டரில் அளக்கிறேன். ஹெப்பாரினைக் கூட்டக் கூட்டத் தடுப்பு முதலில் தீவிரமாகிறது; ஆனால் மைக்ரோமோலார் அளவுகளில் மஞ்சள் நிறம் மறுபடியும் ஏறுகிறது, அதாவது தடுப்பு குறைகிறது. த்ராம்பினுக்குப் பதிலாக ஃபேக்டர் டென்-ஏ (மற்றோர் உறைதல் நொதி) வைத்தால் அவ்வாறு நேர்வதில்லை. பஃபரில் கால்சியம் இல்லை. சோடியம் குளோரைடு 0.15 மோலார். த்ராம்பின் கெட்டுவிட்டதா?

மறுமொழி 1:
த்ராம்பின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. அதைத் தடுக்க பஃபரில் அல்புமின் உண்டா? ஆன்டித்ராம்பின் இல்லாத குழிகளில் நிறம் எப்படி இருக்கிறது?

கேட்டவர்:
அல்புமின் சேர்த்திருக்கிறேன். அந்தக் குழிகளில், ஹெப்பாரின் எவ்வளவு இருந்தாலும் நிறம் ஒரே அளவில்தான் ஏறுகிறது.

மறுமொழி 2:
அப்படியானால் நொதியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தாங்கள் கண்டது ஹெப்பாரினின் இயல்பே. சர்க்கரை அலகுகளின் சங்கிலியான ஹெப்பாரினில் உள்ள ஐந்து அலகுகள் கொண்ட ஒரு குறிப்பிட்ட தொடர் ஆன்டித்ராம்பினைப் பற்றி அதன் வடிவத்தை மாற்றுகிறது. டென்-ஏ காரணியை வேகமாகத் தடுக்க ஏறத்தாழ அதுவே போதும். த்ராம்பினுக்கோ, அதுவும் ஆன்டித்ராம்பினும் ஒரே சங்கிலியின் மேல் அமர்ந்து சந்திக்க வேண்டியிருப்பதால், குறைந்தது 18 அலகு நீளமுள்ள சங்கிலி தேவை. ஹெப்பாரின் மிகுந்துவிட்டால் இரண்டும் தனித்தனிச் சங்கிலிகளில் ஏறிக்கொள்கின்றன, சந்திப்பு அரிதாகிறது. மேலும், வணிக ஹெப்பாரினில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குச் சங்கிலிகளில்தான் அந்த ஐந்தலகுத் தொடர் இருக்கிறது. எஞ்சியவை த்ராம்பினை மட்டும் பிடித்து ஒதுக்கி வைக்கின்றன. தடுப்பு குறையும் இந்த இறங்குமுகத்தைப் பிழையென்று ஆய்வேட்டிலிருந்து வெட்டத் தோன்றலாம். தாங்கள் அதை விட்டுவிடாதீர்கள்.

உறுதி செய்ய வேண்டுமானால் ஃபான்டபாரினக்ஸை வைத்துப் பாருங்கள். அது செயற்கை ஐந்தலகுத் தொடர் மட்டுமே என்பதால், டென்-ஏ தடுப்பு நன்றாகத் தெரியும், த்ராம்பின் பெரும்பாலும் தடுக்கப்படாது. உப்பை 0.3 மோலாராக உயர்த்தியும் பார்க்கலாம்: த்ராம்பினும் ஹெப்பாரினும் பெரும்பாலும் மின்னூட்ட ஈர்ப்பால் பிணைவதால் அப்பிணைப்பு தளர்ந்து, தடுப்பின் உச்ச வேகம் தாழ்ந்து, இறங்குமுகம் இன்னும் கூடுதலான ஹெப்பாரின் அளவுக்கு நகர வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஹெப்பாரின் ஏற்றப்படும் நோயாளிகளிடமும் இப்படி நேருமா?

மறுமொழி 2:
நேராது. பிளாஸ்மாவில் ஆன்டித்ராம்பின் சுமார் 2 மைக்ரோமோலார் இருக்கிறது. வழக்கமான சிகிச்சையில் எட்டப்படும் ஹெப்பாரின் செறிவு அதைவிடப் பல மடங்கு குறைவு. தங்கள் குழியில் ஆன்டித்ராம்பின் நானோமோலார் அளவில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஹெப்பாரின் அதை எளிதில் மிஞ்சிவிடுகிறது.