எஸ்15 சில்வியா மூன்றாம் கியரில் கடகடக்கிறது

ரோஸ்ஹில்காரன்:
அண்ணன்மாரே, என்னுடையது ஜப்பானிலிருந்து இறக்கிய 2000 ஆம் ஆண்டு நிசான் சில்வியா ஸ்பெக்-ஆர் கார். போன மாதம் டர்போ பூஸ்ட்டை, அதாவது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை, 1.1 பாருக்கு ஏற்றினேன். இப்போது இங்கே மொரீஷியஸில் கியூர்பிப் மேட்டில் மூன்றாம் கியரில் அழுத்தினால், தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கின மாதிரி சத்தம். மெக்கானிக் வால்வு என்கிறார். எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை.

கிழட்டு டர்போ:
வால்வும் இல்லை, ஒன்றும் இல்லை தம்பி. அது நாக்கிங். அந்த எஸ்ஆர்20 எஞ்சினை 250 குதிரைத்திறனுக்கு அமைத்தது ஜப்பானின் 100 ஆக்டேன் பெட்ரோலை நம்பி. ஆக்டேன் என்றால் பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு. நம்மூர் பெட்ரோல் பங்கில் கிடைப்பது 95. அதன்மேல் பூஸ்ட்டும் ஏற்றினால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும், அதுதான் இந்தச் சத்தம். முதலில் பூஸ்ட்டைப் பழைய அளவுக்கு இறக்குங்கள். அப்புறம் 95க்கு ஏற்றபடி எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவை டியூன் செய்யலாம்.

வாக்கோவா மழை:
ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மினுமினுவென்று பொடி ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். என்னுடையதில் அப்படித்தான் இருந்தது, நான்காவது சிலிண்டர் போயே போய்விட்டது.

ரோஸ்ஹில்காரன்:
பார்த்தேன். மூன்று சுத்தம். ஒன்றில் கறுப்புப் புள்ளிகள், மினுமினுப்பு இல்லை. பூஸ்ட்டை இறக்கிவிட்டேன், சத்தம் நின்றது. வண்டி கொஞ்சம் மந்தம்தான், சரி.