புதுப்பிப்பு: கலோரி குறைந்த வீட்டுச் சமையல், இரவுப் பசி

"வீட்டில்தான் சமைக்கிறேன், காய்கறிதான் சாப்பிடுகிறேன், எடை அசையவில்லை, படுக்கும் நேரத்தில் பசி வேறு" என்று மூன்று வாரங்களுக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது, எண்ணெயை அளக்கச் சொன்ன யோசனை. வழக்கமாகக் கண்ணளவில் வாணலியில் ஊற்றுவதைக் கிண்ணத்தில் ஊற்றி அளந்தேன். மூன்று மேசைக்கரண்டி! ஒன்றுக்கு ஏறக்குறைய 120 கலோரி என்றால், காய் விழும் முன்பே 360. இப்போது ஒரு தேக்கரண்டிதான், சுமார் 40. அடிப்பிடிக்கத் தொடங்கினால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடிவிடுகிறேன், ஆவியிலேயே வெந்துவிடுகிறது. ருசி குறையவில்லை என்று சொன்னால் பொய். முதல் வாரம் சப்பென்றுதான் இருந்தது, பிறகு நாக்கு பழகிவிட்டது.

பசிக்குப் பருப்பு சேர்க்கச் சொன்னவர் சொன்னதும் சரி. வெறும் காய்கறி சூப் இரண்டு மணி நேரம் தாங்கவில்லை; அதிலேயே ஒரு கிண்ணம் வெந்த பருப்பைக் கலந்தால் காலை வரை கவலையில்லை.

எதிர்பாராதது உருளைக்கிழங்கு. பயந்து ஒதுக்கியிருந்தேன். வேகவைத்தது 100 கிராமுக்கு 90 கலோரிகூட இல்லை, வயிறும் நிறைகிறது. பொரிக்கும்போதுதான் வினை.

இதுவரை ஒன்றரை கிலோ குறைந்திருக்கிறது.